சார்ஜெண்டைப் படமெடுக்க மறுத்த கேமரா

சருமா என்ற மலையூரில் அடையாள அட்டைக்குப் படம் வேண்டுமென்றால் எதெல்வினாவிடம்தான் போக வேண்டும். மாதா கோயில் சதுக்கத்திலிருந்து இறங்கும் செங்குத்தான தெருவில், ஒரு மரப் பால்கனிக்குக் கீழே அவளுடைய ஸ்டுடியோ. ஃபிலிம் காலத்திலிருந்து படம் எடுப்பவள். ஊரே கெஞ்சியும் டிஜிட்டலுக்கு மாறாமல் முரண்டு பிடித்துவிட்டு, ஒருவழியாக மச்சாலா நகரத்துக்குப் போய் ஒரு கேமரா வாங்கிவந்தாள். முதலில் அது சமர்த்தாகத்தான் இருந்தது. கார்னிவல் திருவிழா முடிந்த கையோடு அதற்கு என்ன கேடு வந்ததோ, நினைத்தால் எடுக்கும், நினைக்காவிட்டால் எடுக்காது.

பட்டனை அழுத்தினால் உள்ளே லேசாக முனகும். அவ்வளவுதான். படம் விழாது.

எதெல்வினா பேட்டரியை ராத்திரியெல்லாம் சார்ஜில் போட்டாள். மெமரி கார்டை உருவி, ரவிக்கை நுனியால் துடைத்துத் திரும்பச் செருகினாள். லென்ஸை ஊதினாள். அணைத்து, இரண்டு நாள் ஓய்வுகூடக் கொடுத்துப் பார்த்தாள். தெருக் குழந்தைகள் வந்து நின்றால் படபடவென்று எடுத்துத் தள்ளியது. பெரியவர்கள் வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் செத்த மாடு மாதிரிக் கிடந்தது.

எதிர்க்கடையில் ரேடியோ, டிவி ரிப்பேர் செய்யும் வில்மனிடம் கொண்டுபோனாள். வில்மன் சாவு வீட்டில்கூடப் பல்லைக் காட்டுகிறவன். பாவம், அவன் வாயமைப்பே அப்படி. கேமராவைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி அழுத்தினான். க்ளிக். மறுபடி அழுத்தினான். க்ளிக்.

"கேமரா தங்கமாட்டம் இருக்குக்கா. கோளாறு உங்க விரல்ல."

"என் விரல்லயா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து இந்த விரல் படம் எடுக்குதுடா!"

"அதான் தேஞ்சு போச்சு போல," என்று சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான்.

அந்த வாரமே போலீஸ் சார்ஜெண்ட் ஹாக்கோமே அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தார். மீசையை நீவி, தொப்பியை மடியில் வைத்து, குற்றவாளியைப் பார்ப்பதுபோல லென்ஸை முறைத்தார். எதெல்வினா அழுத்தினாள். முனகல். மறுபடியும் அழுத்தினாள். முனகல். வாசலில் கூடை வைத்திருந்த பழக்காரி எட்டிப் பார்த்தாள்.

"அதுக்கும் தெரிஞ்சிருக்கு பாரு! போற வர்றப்பல்லாம் ஓசியில என் கூடையில கை வைக்கிற மனுஷனை அது எப்படி எடுக்கும்?"

சார்ஜெண்ட் எழுந்து போய்விட்டார். ஆனால் அந்தப் பேச்சு போகவில்லை. மாலைக் காபிக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது: எதெல்வினாவின் கேமரா மனசாட்சி சுத்தமில்லாதவர்களை எடுக்காதாம். அதோடு அவள் பிழைப்பில் மண் விழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, படம் விழாமல் எழுந்து போகும் அவமானம் யாருக்கு வேண்டும்? பள்ளி ஆசிரியர் பஸ் ஏறிப் பக்கத்து ஊரான பின்யாஸில் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். பங்குச் சாமியார் மட்டும், தெருவில் ஆள் இல்லாத மத்தியான வெயிலில் நைசாக உள்ளே நுழைந்து, "சும்மா ஒரு சோதனைக்குத்தான் மகளே," என்று உட்கார்ந்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கேமரா முனகியது. சாமியார் வெளுத்துப் போனார்.

"மகளே... இது வெளியே போக வேண்டாம்."

"கார்மென் மாதா மேல சத்தியம் சாமி," என்றாள் எதெல்வினா. ஆனால் அன்று முதல் அவர் பிரசங்கம் செய்தபோதெல்லாம் அவளுக்கு வேறு நினைப்புதான் ஓடியது.

இப்படி இருக்கும்போதுதான் ஸ்பெயினிலிருந்து நார்சிசா வந்து இறங்கினாள். அவளுடைய அப்பா அர்செனியோ, தங்கச் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்தவர். அம்மா எர்லிந்தா. இருவருக்கும் பொன்விழாத் திருமணநாள். இதில் ஒரு சங்கடம் உண்டு: இருவரும் நேருக்கு நேர் பேசி வருஷக்கணக்காகிறது. என்றைக்கோ ஒரு நாள் அர்செனியோ, வாழைக்காயை மசித்து முட்டையும் சீஸும் போட்டுக் கிளறும் திக்ரியோவை எர்லிந்தாவின் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து, "உன் அக்கா கைப்பக்குவம் உனக்கு வராது," என்று சொல்லிவிட்டார். அன்றோடு சரி. அப்புறம் எல்லாம் தூது மூலம்தான்.

"ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிற மாதிரி ஒரே ஒரு படம் அக்கா. அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்," என்றாள் நார்சிசா. எதெல்வினாவால் மறுக்க முடியவில்லை.

விழா நாளில் அர்செனியோ வீட்டு முற்றம் நிறைய ஆட்கள். சாமியார் இருந்தார், சார்ஜெண்ட் இருந்தார், வில்மன் இளித்துக்கொண்டிருந்தான். கேக்குக்குப் பின்னால் கிழவனும் கிழவியும் இரண்டு கல்தூண்களாக நின்றார்கள். எதெல்வினா கேமராவை முக்காலியில் ஏற்றி, மாதாவை வேண்டிக்கொண்டு அழுத்தினாள்.

முனகல்.

பேட்டரியை மாற்றினாள். முனகல். கார்டை மாற்றினாள். முனகல். கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம் யாருடையது, கிழவனுடையதா கிழவியுடையதா என்ற யோசனை எல்லார் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. எதெல்வினாவுக்குக் காது சிவந்தது. கடைசியாக ஒரு தடவை ஆத்திரத்தோடு பட்டனைக் குத்திவிட்டு, "போ சனியனே!" என்று கையை உதறி விலகினாள்.

எர்லிந்தா வாயைத் திறந்தாள். "நார்சிசா, உங்கப்பாவை மூஞ்சியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பச் சொல்லு. கேமரா பயப்படுது."

"நார்சிசா, உங்கம்மாகிட்ட சொல்லு. அது பயப்படல. அவ சமையலை மோந்து பாத்திருக்கு."

எர்லிந்தா நேராகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"யோவ் கிழவா! எங்கக்கா செத்து மண்ணாயிட்டா. இன்னும் அவ தட்டு மேலதானா உனக்குக் கண்ணு?"

அர்செனியோ தொப்பியைக் கழற்றினார். மண்டையைச் சொறிந்தார்.

"உண்மையைச் சொல்லட்டுமா? அன்னிக்கு அவ உப்பே போடல. உன்னைச் சும்மா சீண்டிப் பாக்கலாம்னு புகழ்ந்தேன். நீ சட்டியைத் தூக்கி எறிஞ்சதும் எனக்கும் ரோஷம் வந்துடுச்சு."

"உப்பே போடலையா?"

"ஒரு கல்லுகூட."

எர்லிந்தா அவரையே பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நார்சிசா ஓடிவந்தாள். ஆனால் கிழவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெடித்துச் சிரித்தாள். "உப்பில்லாத திக்ரியோவுக்காடா படுபாவி, இத்தனை வருஷம்..." அதற்குமேல் பேச்சு வரவில்லை. அவளைப் பார்த்து அவரும் சிரித்தார்.

க்ளிக்.

எதெல்வினா திடுக்கிட்டுத் திரும்பினாள். கேமராவின் பக்கத்தில் யாரும் இல்லை. ஓடிப்போய்ப் பட்டனை அழுத்தினாள். க்ளிக். மறுபடி அழுத்தினாள். க்ளிக். எதிரே இரண்டு பேரும் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ஏதோ பொறி தட்டியது. கேமராவைச் சார்ஜெண்ட் பக்கம் திருப்பினாள். முனகல்.

"சார்ஜெண்ட், கொஞ்சம் சிரிங்க."

"எதுக்கு?"

"ஊர் நன்மைக்கு."

சார்ஜெண்ட் பல்வலிக்காரர்போல உதட்டை இழுத்தார். க்ளிக்.

அப்போதுதான் எதெல்வினா திரையின் மூலையைக் கவனித்துப் பார்த்தாள். சின்னதாக ஒரு மஞ்சள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கார்னிவல் நாளிலிருந்தே அது அங்கேதான் இருந்தது. கேமரா நல்ல உடல்நலத்தோடு இருப்பதற்கு அடையாளம் என்று நினைத்து அவளும் நிம்மதியாக இருந்துவிட்டாள். எதிரே இருக்கிறவர் சிரிக்கும்வரை காத்திருக்கும் ஏதோ ஒரு ஏற்பாட்டை, கார்னிவலில் தண்ணீர் வீசிக் கொண்டாடிய அமளியில் எந்தக் கையோ அழுத்திவிட்டிருந்தது.

"சிரிச்சாத்தான் எடுக்குமாம்!" என்று அவள் கத்தினாள். "பாவமும் இல்ல, புண்ணியமும் இல்ல!"

கையில் கேக்குத் தட்டோடு நின்ற சாமியார் தன்னை மறந்து கூவினார்: "அப்போ அன்னிக்கு நான் சிரிக்காததாலதானா எடுக்கல?"

முற்றம் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. வில்மனுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்து, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

கிழவனும் கிழவியும் சிரிக்கும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தாள் எதெல்வினா. எர்லிந்தாவுக்கு அது பிடிக்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு குதிரை மாதிரி நிற்கிறேன், உதட்டை மூடி வேறொன்று எடுக்க வேண்டும் என்றாள். சுவரில் தொங்கினால் இதுதான் தொங்கும் என்றார் அர்செனியோ. படுக்கையறைச் சுவரில் அவர் மாட்டுவார், அவள் கழற்றுவாள். இப்போது தூதும் தேவைப்படவில்லை. விடிந்ததிலிருந்து இருவரும் நேருக்கு நேர் போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஸ்பெயினுக்குத் திரும்பிப் போய் ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள் நார்சிசா.