மேற்படி

காலை எட்டேகால் பேருந்தைப் பிடிக்க இருவரும் ஒன்றாகத்தான் வீட்டைப் பூட்டுவார்கள். அவன் சாவியைத் திருப்புவான், அவள் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கல்யாணமாகிப் பதினோரு வருடங்களில் இந்த வேலைப் பங்கீடு மாறியதே இல்லை. பேருந்தில் அவன் பேசிக்கொண்டே வருவான், அவள் தலையாட்டிக்கொண்டே வருவாள்.

அவள் அரசு மறுவாழ்வு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளர். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்கு மறுபடி பேசக் கற்றுத் தருவது அவள் வேலை. பகல் முழுக்கத் தொண்டை வறளப் பேசுகிறவளுக்கு மற்ற நேரங்களில் வாயைத் திறக்கவே சோம்பலாக இருக்கும். அவனோ சுகாதாரத் துறைத் தலைமை அலுவலகத்தில் பட்ஜெட் பிரிவு எழுத்தர். நாளெல்லாம் கோப்புகளோடு வாய்மூடிக் கிடந்துவிட்டு, சேர்த்துவைத்த பேச்சை எல்லாம் அவளிடம்தான் இறக்கிவைப்பான்.

அலுவலகத்தில் அவனுக்கு 'மேற்படி' என்று பெயர். ஆண்டுக்கு ஒரு முறை, துறையின் ஒவ்வொரு பிரிவுக்கும் வரும் ஆண்டில் எவ்வளவு பணம் தேவை என்று ஒரு நீளமான படிவத்தை அவன் நிரப்ப வேண்டும். சென்ற ஆண்டுத் தொகை, வரும் ஆண்டுத் தேவை, தேவைக்கான காரணம் என்று மூன்று கட்டங்கள், இருநூற்று நாற்பது வரிகள். முதல் வரியைக் கவனமாக எழுதுவான். அதன் பிறகு தேவை என்ற கட்டத்தில் 'மேற்படி', காரணம் என்ற கட்டத்திலும் 'மேற்படி'. போன வருடம் எவ்வளவோ, எது காரணமோ, அதுதானே இந்த வருடமும்? முன்பிருந்தவர் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட வேலையை அவன் ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். கண்காணிப்பாளருக்கு அதில் பெருமைகூட உண்டு.

அந்தப் பெயர் எப்படியோ வீடுவரைக்கும் வந்துவிட்டது. அவன் வரத் தாமதமானால், தோழியிடம் போனில் "மேற்படி ஆளு இன்னும் வரல" என்பாள் அவள்.

சட்டசபையில் பட்ஜெட் வாசிக்கப்பட்ட நான்காம் நாள் பேருந்தில் அவள்தான் முதலில் பேசினாள். அடுத்த நிதியாண்டிலிருந்து பேச்சுப் பயிற்சிப் பிரிவுக்குப் பணம் ஒதுக்கவில்லையாம். அவளுடையதும் இன்னொரு பெண்ணுடையதும் தற்காலிகப் பணியிடங்கள். மாதக் கடைசியோடு அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிடும்படி மருத்துவமனைத் தலைவர் சொல்லிவிட்டார்.

"சபையில உக்காந்திருக்கவங்களுக்கு வாய் நல்லா வேலை செய்யுது. வாய் போனவங்க கஷ்டம் அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

அன்று தொடங்கி ஒரு வாரம் அவள் ஓயவில்லை. உறுப்பினர்களைத் திட்டினாள், மந்திரியைத் திட்டினாள், நிதித் துறையைத் திட்டினாள். இப்போது தலையாட்டுவது அவன் முறையாக இருந்தது. பாதி, சம்பளம் போவதைப் பற்றிய கோபம், பாதி நோயாளிகளை எண்ணிய துக்கம் என்று அவன் நினைத்தான். அவள் சம்பளத்தைப் பற்றி ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தான்.

எப்படி விட்டுப்போயிருக்கும் என்று பார்க்க, அலுவலகத்தில் பழைய கோப்பை எடுத்தான். படிவத்தில் எந்தப் பிரிவுக்கும் பெயர் கிடையாது, நீளமான கணக்குத் தலைப்பு எண்கள்தான். மருத்துவமனையின் எண்ணை வைத்துத் தேடி நூற்று எண்பத்தேழாம் வரிக்கு வந்தான். 'தற்காலிகப் பணியிடங்கள், பிற' என்றிருந்தது. காரணம் என்ற கட்டத்தில் அவனுடைய உருண்டையான கையெழுத்து: மேற்படி. அதே கோப்பில் நிதித் துறையின் சுற்றறிக்கை ஒன்றும் இருந்தது. தற்காலிகப் பணியிடங்கள் ஒவ்வொன்றுக்கும் இந்த ஆண்டு காரணத்தைப் புதிதாக எழுத வேண்டும், எழுதாதவை தேவையற்றவை எனக் கருதி நீக்கப்படும் என்று சொன்னது அது. சுற்றறிக்கையின் மூலையில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தவனும் அவனே. பார்த்திருந்தான், படிக்கவில்லை.

இரண்டு நாள் அதை மனதுக்குள்ளேயே வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவள் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனான். சொல்லிவிட்டான்.

அவள் கையிலிருந்த சட்டையை உதறாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ ஒரு வாரமா நான் திட்டினதெல்லாம் உங்களைத்தானா?"

"ஆமா."

"கேட்டுட்டு தலையாட்டினீங்களே."

"ரெண்டு நாளாத்தான் தெரியும். அதுக்கு முன்னாடி நானும் அவங்களைத்தான் திட்டிட்டு இருந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் பேருந்தில் முன்வரிசையில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். இறங்கும்போது மட்டும் அவனருகில் ஒரு நொடி நின்றாள். "என்கிட்ட சொன்னதை உங்க ஆபீஸ்ல சொல்லுங்க" என்றாள்.

இணை இயக்குநர் கண்டிப்பான பெண்மணி. அவன் நீட்டிய கோப்பை நின்றபடியே படித்தார். சபையில் வைத்த பட்ஜெட்டில் இனி ஒரு வரியைச் சேர்க்க முடியாது என்றார். சபை ஒப்புக்கொண்டு சட்டமாக்காமல் கருவூலத்திலிருந்து ஒரு காசு வெளியே வராது. ஆனால் மூன்று மாதம் கழித்துத் துணை மானியக் கோரிக்கை என்று ஒன்று வரும். விட்டுப்போனதை அதில் கேட்கலாம். அடையாளமாகச் சிறு தொகைக்குச் சபையின் ஒப்புதல் வாங்கிவிட்டால், மீதியைத் துறைக்குள்ளேயே இந்த ஆண்டு செலவாகாமல் நிற்கப்போகும் வேறு தலைப்பிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். அப்படி ஒரு தலைப்பை அவன்தான் தேட வேண்டும்.

பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அங்க வேலை பாக்கறது உங்க மனைவி. அதனாலதான வந்தீங்க?"

"ஆமா மேடம். அதான் வெக்கமா இருக்கு. மத்த வரியெல்லாம் யார் யாரோட வீடோ."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். இருநூற்று நாற்பது வரிகளையும் மறுபடி சரிபார்க்கச் சொன்னார். அந்தப் பிரிவில் என்ன நடக்கிறது என்று நேரில் பார்த்துவிட்டு வந்து காரணத்தை எழுதச் சொன்னார்.

பதினோரு வருடத்தில் அவன் பேச்சுப் பயிற்சி அறைக்குள் நுழைந்தது அதுவே முதல் தடவை. ஒரு மேசை, ஒரு கண்ணாடி, சுவர் நிறையப் படங்கள். மனைவி அவனை யாரோ அதிகாரி வந்ததைப்போல மூலை நாற்காலியில் உட்காரவைத்தாள். எதிரே, முப்பது வருடம் டிக்கெட் கிழித்த ஒரு கண்டக்டர். நோய் அவரிடம் மிச்சம் வைத்தது ஒரே ஒரு வாக்கியம். தண்ணீர்ப் படத்தைக் காட்டினாலும் அதுதான், நாற்காலிப் படத்தைக் காட்டினாலும் அதுதான்: "போலாம் ரைட்."

"பசிச்சாலும் போலாம் ரைட்தான் சார், என்னைத் திட்டணும்னாலும் போலாம் ரைட்தான்" என்றாள் அவர் பக்கத்தில் இருந்த வீட்டுக்காரம்மா. "சத்தத்தை வச்சு எது திட்டுன்னு கண்டுபுடிச்சிருவேன். இல்லன்னா என்ன பொண்டாட்டி நான்?"

கண்டக்டரும் சேர்ந்து சிரித்தார். அவன் மனைவி கண்டக்டரின் கையைத் தன் தொண்டையில் வைத்துக் காட்டி, கண்ணாடியில் நாக்கு எங்கே தொடுகிறது என்று காட்டி, அதே ஒரு சொல்லை நாற்பது தடவையாவது சொல்லியிருப்பாள். அன்று அவருக்கு 'தண்' வரைக்கும் வந்தது. மீதி வரவில்லை. அதற்கே வீட்டுக்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் அவள் ஏன் பேசுவதில்லை என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

அவளிடம் ஒரு பதிவேடு இருந்தது. ஒவ்வொருவருக்கும் முதல் நாள் எத்தனை சொற்கள், ஆறாம் மாதம் எத்தனை சொற்கள் என்ற கணக்கு. இரண்டு சொல்லோடு வந்த ஒரு தையல்காரம்மா நூற்றுப்பத்து சொல்லோடு தன் கடைக்குத் திரும்பியிருந்தாள். அதையெல்லாம் அவன் காரணம் என்ற கட்டத்தில் எழுதினான். கட்டம் போதாமல் நான்கு தாள் இணைத்தான். மற்ற வரிகளைச் சரிபார்த்ததில், காரணம் இல்லாமல் விழுந்த இன்னும் இரண்டு பிரிவுகள் அகப்பட்டன. ஒன்று, தற்காலிக ஆட்களை வைத்து மலைப்பாதைக் கிராமங்களுக்குப் போகும் கண் பரிசோதனை வண்டி. இடத்தகராறில் நிற்கும் வாகனக் கொட்டகை ஒன்றின் தொகை இந்த ஆண்டு செலவாகாது என்பதையும் கண்டுபிடித்தான்.

உரிய காலத்தில் ஏன் கேட்கவில்லை என்று நிதித் துறை கோப்பைத் திருப்பி அனுப்பியது. 'தவிர்க்க இயலாத நிர்வாகக் காரணங்களால்' என்று எழுதிவிடச் சொன்னார் கண்காணிப்பாளர். அப்படி எழுதினால் யாருக்கும் அடிபடாது, காலங்காலமாக அப்படித்தான் எழுதுகிறோம் என்றார்.

"தவிர்த்திருக்கலாம் சார்" என்றான் அவன். 'சுற்றறிக்கையைப் படிக்காமல் நான் படிவத்தை நிரப்பியதால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். மாதம் முடிவதற்குள்ளேயே அதற்கு ஒரு மெமோ வந்தது. ஓர் ஆண்டுச் சம்பள உயர்வு நின்றது. மெமோவை அவளிடம் காட்டினான். அவள் முழுவதும் படித்துவிட்டு, மறுநாள் காலை பேருந்தில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அறை மூன்று மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது. சொற்பட்டியல்களைக் கையால் எழுதி நோயாளிகளின் வீட்டுக்கு அனுப்பினாள் அவள். ஒரு முதியவர் பயிற்சியே வேண்டாமென்று விட்டுவிட்டார். எத்தனை முறை கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. அதை நினைத்து அவன் இன்றைக்கும் வருந்துகிறான்.

துணை மானியக் கோரிக்கை சபைக்கு வந்த அன்று பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போனான். முடிந்ததும் நேரே மருத்துவமனை வாசலுக்கு வந்தான். அங்கேயே சந்திப்பதாகச் சொல்லியிருந்த அவள் பையை மார்போடு அணைத்தபடி காத்திருந்தாள்.

"ஒப்புக்கிட்டாங்க. மூணு பிரிவுக்கும். ஒன்னாந்தேதி அறையைத் திறந்துக்கலாம்."

அவள் அணைத்திருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நம்மளைப் பத்தி என்ன பேசினாங்க?"

"ஒன்னும் பேசல. எண்ணைப் படிச்சாங்க, ஆம்னு சொன்னாங்க. அரை நிமிஷம்."

"அரை நிமிஷமா?" ஏமாற்றமாகத்தான் கேட்டாள். "இவ்வளவு அலைஞ்சது அதுக்குத்தானா?"

"அவங்க கைக்கு வர்றது நாங்க எழுதி அனுப்பறதுதான். நாங்க கேக்காம விட்டதை அவங்க நெனச்சாலும் குடுக்க முடியாது. ஜனங்களோட பணம் ஜனங்களுக்குப் போய்ச் சேரணும்னா, மொதல்ல படிவம் எழுதறவன் அந்த வரிக்குப் பின்னாடி யார் இருக்காங்கன்னு தெரிஞ்சு எழுதணும். அவன் தூங்கிட்டான்னா, சபை முழிச்சிருந்தும் பிரயோஜனம் இல்ல."

கண்டக்டர் வீட்டுக்கு முதலில் செய்தி சொல்ல வேண்டும் என்று அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். அப்புறம் என்ன தோன்றியதோ, அதை அவன் கையில் கொடுத்தாள்.

"நீங்களே சொல்லுங்க" என்றாள்.