வைக்காத போன்

...இல்லை, இப்போது வேண்டாம், முதலில் கேக் வெட்டி முடியட்டும், மகள் கையில் கத்தி இருக்கும்போது போய் ‘நான் இங்க வேலையை விட்டுட்டு மொத்தமா வந்துடறேன்’ என்று சொன்னால் கத்தி பாதியில் நின்றுவிடும், போட்டோவில் எல்லார் வாயும் திறந்திருக்கும், அதைக் காட்டிக் காட்டி அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் சிரிப்பார்கள்... வெட்டட்டும், ஆளுக்கொரு துண்டு ஊட்டட்டும், அப்புறம் சொல்லலாம். வீடியோவில் அவர்கள் முகம் வந்ததிலிருந்து இப்படித்தான் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு வாக்கியம். வேலைக்கு வருகிற வழியெல்லாம், ஆள் அரவமில்லாத தெருவில், ஷட்டர் இறக்கிய கடைகளுக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த வாக்கியம். பூட்டிய சலூனின் கண்ணாடிக் கதவில் என் முகம் அதைச் சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது. இங்கே வந்ததும் ஏன் தொண்டையில் மாட்டிக்கொள்கிறது? மாட்டிக்கொண்டவர்களை மீட்பதுதான் என் பிழைப்பே... சரியாகச் சொன்னால் மீட்பவன் மெக்கானிக், மீட்கும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பவன் நான். இந்த நகரத்தில் எங்கள் கம்பெனி லிஃப்ட் எது நின்றாலும், உள்ளே இருப்பவர் சிவப்பு பட்டனை அழுத்தினால், என் மேஜையில் ஒரு விளக்கு மினுக்கும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ‘நான் இருக்கேன், பயப்படாதீங்க’ என்பேன். தொண்டையில் நின்று போனதற்கு மட்டும் பட்டன் கிடையாது.

கண்ட்ரோல் ரூமில் நான் ஒருத்தன்தான். மற்ற நாற்காலிகள் எல்லாம் மேஜைக்கடியில் தள்ளிக் கிடக்கின்றன, அவற்றின் ஆட்கள் வீட்டில், குடும்பத்தோடு. இன்றைய டியூட்டியை நானாகத்தான் கேட்டு வாங்கினேன், அறையில் சும்மா இருந்தால் சுவர் பேச ஆரம்பித்துவிடும் என்ற பயம். வீட்டில் அப்படியா சொல்ல முடியும்? ‘நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து சமைக்கிறோம்’ என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதற்காக யூனிஃபார்ம் ஜாக்கெட்டைக் கழற்றி, மனைவி அனுப்பிய கரும்பச்சைச் சட்டையைப் போட்டு, அலாரம் போர்டு தெரியாத சுவர் பக்கமாக நாற்காலியைத் திருப்பி, சுவரில் ஒரு காகித நட்சத்திரம் ஒட்டி... நாலு பேர் சத்தத்துக்கு ரேடியோ. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, என் மச்சினன் வந்து போனை வாங்கும்வரை. மனைவியின் தம்பி, எதையும் சும்மா விடமாட்டான். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, ‘மாமா, உங்க பிரண்ட்ஸ் எல்லாம் வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரியே பேசறாங்களே’ என்றான். ‘அவன் எப்பவும் அப்படித்தான் பேசுவான்’ என்றேன். ‘நாளைக்கும் மழைன்னு சொல்றார், குடை எடுத்துக்கோங்க’ என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அவனுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது, அவன் அடுத்த வார்த்தை பேசாமல் போனைக் கைமாற்றிவிட்டான். நல்ல பையன்.

போன் கை மாறி மாறிப் போனது, ஒவ்வொரு வருஷமும் போகிற அதே வரிசை. என் அக்கா, ‘மெலிஞ்சுட்டே தம்பி’ என்றாள், போன மாதம் சட்டைப் பட்டன் போடவே மூச்சு முட்டிய என்னைப் பார்த்து. மகள், காலேஜில் சேர்ந்த பிறகு முகம் மாறிவிட்டிருந்தது, ‘ஹேப்பி கிறிஸ்துமஸ்ப்பா’ என்றாள், நான் ‘எப்படிம்மா படிக்கிறே’ என்றேன், ‘நல்லா படிக்கிறேன்ப்பா’ என்றாள், அப்புறம் இருவருக்கும் தீர்ந்துவிட்டது. கடைசியில் மனைவி. நெற்றியில் மாவோ சர்க்கரையோ ஒட்டியிருந்தது. சொல், இப்போதே சொல், நாளைக் காலையில் சூப்பர்வைசர் வந்து நிற்பார், ‘இன்னும் இரண்டு வருஷம் இருக்கியா, ஊருக்குக் கிளம்பறியா, ஒரே வார்த்தை’ என்று கேட்டிருக்கிறார், அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் இவளிடம் இந்த ஒரு வாக்கியம்... ‘ஒரு விஷயம் சொல்லணும்’ என்றேன். ‘என்ன?’ என்றாள். பின்னாலிருந்து அக்கா, ‘ஆறிப் போகுது, சாப்பிட்டுட்டுக் கொஞ்சுங்களேன்’ என்றாள். ‘ஒண்ணுமில்ல... அப்புறம் பேசறேன்’ என்றேன். ‘சாப்பிட்டீங்களா?’ ‘ஆச்சு, ஆச்சு, செம சாப்பாடு.’ அவள் ஒரு கணம் பார்த்தாள். ‘சரி, வைக்கிறேன்’ என்றாள். வைத்தாள்... போனை, எதன் மேலோ சாய்த்து. கட் பண்ணவில்லை.

நானும் கட் பண்ணவில்லை. பண்ண மாட்டேன், அது கையில் ஊறிப்போன வழக்கம். இந்த வேலையில் சேர்ந்த முதல் நாளே காதில் ஓதினார்கள், லைனை நீ முதலில் துண்டிக்காதே, உள்ளே இருப்பவர் வெளியே வரும்வரை அது திறந்தே இருக்கட்டும் என்று. அப்படித் திறந்திருப்பதை உள்ளே இருப்பவர்கள் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவார்கள். சண்டை போடுவார்கள், ஜெபம் பண்ணுவார்கள், மாமியாரைத் திட்டுவார்கள். கேட்டும் கேட்காத மாதிரி உட்கார்ந்திருப்பதுதான் இந்த வேலையில் பாதி. அந்த வழக்கம் வீட்டு போனுக்கும் வந்துவிட்டது, அவர்கள் வைக்கட்டும் என்று காதில் இயர்போனோடு காத்திருப்பேன். இன்று வைக்கப்படவே இல்லை. திரையில் மின்விசிறி, சுவரின் ஒரு துண்டு, மஞ்சள் திரைச்சீலை... மஞ்சளா? எப்போது மாற்றினார்கள்? நீலமல்லவா இருந்தது? என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று ஒரு கோபம் வந்தது, சே, திரைச்சீலை மாற்றியதற்கெல்லாம் போன் பண்ணுவார்களா. தட்டுகள் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். அப்புறம் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள், ஒரு வேலை முடிந்தது என்பது போல. யார் அது? என் வீட்டில் என்னிடம் பேசி முடிப்பது ஒரு வேலையா? இப்போது கூப்பிட்டிருக்க வேண்டும், ‘ஏய், போன் ஆன்ல இருக்கு’ என்று. வாயைத் திறந்தேன். அதற்குள் அங்கே ஒரு குரல், ‘கேஸ் மூடியாச்சா? பின்கதவு தாழ்ப்பாள் போட்டாச்சா? எதுக்கும் இன்னொரு தடவை பாரு’ என்றது, மூக்கால், இழுத்து இழுத்து. என் குரல். என் மனைவி, என்னை மாதிரியே பேசிக் காட்டுகிறாள். மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், ‘அம்மா, இன்னொரு தடவை, இன்னொரு தடவை.’ அச்சு அசலாக இருந்தது. இவளுக்கு இப்படி ஒரு திறமை இருப்பது எனக்குத் தெரியாது. வாயைப் பொத்திக்கொண்டு நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை, அது சிரிப்பால் வந்த தண்ணீர்தானா என்று யோசிக்காமல்.

மகளும் மச்சினனும் கை கழுவப் போய்விட்டார்கள் போல, சத்தம் குறைந்தது. அக்கா குரல், தணிந்து: ‘எப்பத்தான் மொத்தமா வர்றானாம்?’ நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விசிறி சுற்றியது. ‘தெரியல அண்ணி. இன்னைக்கு ஏதோ சொல்ல வந்தார். அதுவாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்.’ கண்டுபிடித்துவிட்டாள், சொல்லாமலே. ‘நல்லதுதானே’ என்றாள் அக்கா. ‘நல்லதுதான்...’ தட்டில் ஏதோ வழிக்கிற சத்தம். ‘போன லீவுல வந்தப்ப, சர்க்கரை டப்பா எங்கேன்னு என்கிட்ட கேட்டுட்டுத்தான் எடுக்கிறார் அண்ணி. அவர் வீடு. நானும் விருந்தாளிக்குச் செய்யற மாதிரி பார்த்துப் பார்த்துச் செய்யறேன். பொண்ணு அவ ரூமுக்குப் போற மாதிரி எங்க ரூமுக்கு வர்றதில்ல, கதவைத் தட்டறா. வந்த மனுஷன் வீட்டு மனுஷனா ஆகறதுக்குள்ள டிக்கெட் தேதி வந்துடுது. போன்ல அவரை எனக்கு நல்லாத் தெரியும் அண்ணி. நேர்லதான்... யாரோ ஒருத்தர் கூட இருக்கிற மாதிரி, பயமா இருக்கு.’ சொல்லேன் அக்கா, என் பக்கம் ஒரு வார்த்தை சொல்லேன். ‘அப்ப வேண்டாங்கறியா?’ என்றாள். ‘அப்படிச் சொல்லல அண்ணி. ஆனா...’

விளக்கு மினுக்கியது. சிவப்பு. இத்தனை நேரம் செத்துக் கிடந்த போர்டு, இப்போதா? ஒரு நொடி விட்டுவிடலாமா என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன், ஒரு வாக்கியம் முடிகிற நேரம்தானே, லிஃப்டுக்குள் யாரும் செத்துவிட மாட்டார்கள்... கை அதற்குள் போனை மியூட்டில் போட்டு, இயர்போனைப் பிடுங்கி ஹெட்செட்டை மாட்டிவிட்டிருந்தது. இரண்டு காதையும் இறுக மூடுகிற ஹெட்செட். உள்ளே ஒரு பெண், தனியாக, மூச்சு வாங்குகிறது. இந்த ஊர் பாஷையில் நான் சொல்லும் வழக்கமான வார்த்தைகளைச் சொன்னேன், நான் இருக்கேன், லைனிலேயே இருப்பேன், சுவரில் சாய்ந்து நில்லுங்க. மெக்கானிக்குக்குத் தகவல் அனுப்பினேன், பண்டிகை நாள்கூட விடமாட்டீங்களா என்று என்னைத் திட்டிவிட்டுக் கிளம்பினான். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். தங்கை வீட்டுக்கு விருந்துக்குப் போகிறாளாம், இரண்டு மாடிக்கு மேலே தங்கையின் வீடு, அவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறதாம், தன்னைத் தேடுகிறார்களா இல்லையா என்றுதான் தெரியவில்லையாம். ‘தேடுவாங்க’ என்றேன். உனக்கென்ன தெரியும்? மேஜையில் போன் திரையில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். திரைச்சீலை ஓரத்தில் மனைவியின் தோள் ஒரு தடவை வந்து போனது, கை ஏதோ விளக்கியது, விரல்கள் விரிந்து மூடின. அதற்கு என்ன அர்த்தம்? வேண்டாமா? வரட்டுமா? ‘இன்னைக்கு நீங்க தனியாவா வேலை பார்க்கறீங்க?’ என்று லிஃப்ட் பெண் கேட்டாள். ‘இல்லைங்க, நாங்க நாலு பேர் இருக்கோம்’ என்றேன். கதவு திறக்கிற இரும்புச் சத்தம், மெக்கானிக்கின் இருமல், அவளுடைய அழுகையும் சிரிப்பும். நன்றி சொல்லக்கூட நிற்காமல் ஓடிவிட்டாள். ஓடட்டும், தேடுவார்கள்.

மியூட்டை எடுத்துவிட்டு இயர்போனைத் திரும்ப மாட்டினேன். அக்கா யாருடைய கல்யாண மண்டபத்தையோ பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள், காற்றே வராத மண்டபம். முடிந்துவிட்டது, அந்தப் பேச்சு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனா... ஆனா என்ன? ‘ஆனா வந்தா பழகிடும்’? ‘ஆனா பொண்ணு படிப்பு முடியட்டும்’? ‘ஆனா இப்படியே இருக்கறதுதான் ரெண்டு பேருக்கும்...’ என் ஆசைக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று என்று நானே நிரப்பிப் பார்த்தேன், எல்லாம் அவள் குரலில் பொருந்தியது, அதுதான் கஷ்டம். அவள் சொன்னதில் பொய் எது? அந்த லீவில் ஒருநாள் நான்தான் தண்ணீர்க் குடத்தை இடம் மாற்றி வைத்தேன், மறுநாள் அது பழைய இடத்திலேயே இருந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. லீவு முடிந்து இங்கே வந்து இந்த நாற்காலியில் சாய்ந்தபோது முதுகுக்கு இதன் பள்ளம் தெரிந்திருந்தது. அப்பாடா என்றேனே. வாய்விட்டுச் சொன்னேனா, மனதுக்குள்ளா? நீளமாக மூச்சு விட்டது அங்கே மட்டும்தானா?

விசிறி சாய்ந்தது, சுவர் ஓடியது, மனைவியின் முகம். போனைக் கையில் எடுத்துவிட்டாள். பிடிபட்டேன், நாற்காலியில் அப்படியே உறைந்தேன், நெட்வொர்க் மாட்டிக்கொண்டது என்று சொல்லலாமா, இப்போதுதான் நானே பார்த்தேன் என்று... அவள் நடந்து போய் ஒரு கதவைச் சாத்தினாள். மண்டபப் பேச்சு அடங்கியது. எங்கள் அறை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள், என் முகத்தைத் துடைக்கிற மாதிரி. ‘சாப்பிட்டீங்களா?’ என்றாள். ‘இல்ல’ என்றேன். தலையாட்டினாள். எப்போதிலிருந்து லைன்ல இருக்கீங்க என்று கேட்கவில்லை. ஐயோ கட் பண்ணவே இல்லையா என்று பதறவில்லை. ‘வைக்கிறேன்’ என்று சொல்லி வாய் மூடுவதற்குள் வைத்துவிடுகிறவள், இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட மறக்காதவள்... அப்படியானால் அது மறதி இல்லையா? என்னிடம் நேரே சொல்ல வராததை அக்காவிடம் சொல்வது போல், எனக்கே சொன்னாளா? நான் கடைசி வார்த்தைவரை கேட்டிருப்பேன் என்று நம்பிக்கொண்டா இப்படி உட்கார்ந்திருக்கிறாள்? முகத்தில் கோபம் இல்லை, வெட்கம் இல்லை, பரீட்சை எழுதி முடித்த பெண்ணின் களைப்பு மட்டும். ‘என்னங்க, நீங்க ஒண்ணும் சொல்லலையே’ என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். எதற்குப் பதில் சொல்ல? அவளுக்குத் தேவையானது ஒரு பதில், எனக்கு ‘ஆனா’வுக்கு அப்புறம் வந்த அந்தக் கேள்வியே வந்து சேரவில்லை, வரவில்லை என்று இப்போது சொன்னால் இன்னொரு தடவை சொல்வதற்கு அவளுக்குத் தைரியம் இருக்குமா... ‘சொல்றேன்’ என்றேன். அவள் காத்திருந்தாள். வைக்கவில்லை.