கடைசியாக வந்தவன்

படங்கள் மாட்டிய பலகையில் குத்தியிருந்த குண்டூசியைக் கொரீன் நகத்தால் நெம்பினாள். ஊசி வந்தது, நகமும் உடைந்தது. படத்தை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு மூடிய பிறகுதான் மகள் பின்னால் நிற்பது தெரிந்தது.

"ஏம்மா அதை எடுத்தே?"

"தெளிவா இல்ல. கண்ணு பாதி மூடியிருக்கு."

"அப்பாவுக்கு அந்தப் படம்தான் உசிரு. ஃபோனைத் திறந்தா அதுதானே வரும்?"

"மீன் பிடிச்ச படம் இருக்கு. உன் பட்டமளிப்புப் படம் இருக்கு. இது ஒண்ணு இல்லாட்டி என்ன ஆயிடும், ஆனிகா?"

ஆனிகா களைத்திருந்தாள். துளூத்திலிருந்து நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவள், மூன்று நாளாகச் சரியாகத் தூங்காதவள். பலகையின் நடுவில் விழுந்த வெற்றிடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் காப்பி இருக்கும் பக்கம் போனாள்.

மணி பத்து. ஆராதனை பதினொன்றுக்கு. தேவாலயக் கூடத்தின் கோடியில் ஆர்லன் திறந்த பெட்டிக்குள் சாம்பல் நிறக் கோட்டில் படுத்திருந்தான். கொரீன் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்து ஆட்கள் பத்தரைக்கு வருவார்கள். பேட்ரிஸ் வருவாள். காலையிலிருந்து கொரீன் நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான். புருஷனைப் பறிகொடுத்த நாளில் இப்படி ஒரு கவலை தனக்கு இருப்பதை நினைத்தபோது அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் ஊசியை நெம்பத்தான் செய்தாள்.

ஆர்லனுக்கு அறுபத்திரண்டு வயது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கொதிகலனையும் தரையையும் பார்த்துக்கொண்டவன். ஐந்து வருஷத்துக்கு முன் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி, தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். இவன் ஓட ஆரம்பித்தான். ஓட்டம் என்று அவன்தான் சொல்லிக்கொண்டான். வினோனா ஏரியைச் சுற்றி வருவதற்குள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிப் போகிற பெண்கள் 'மன்னிக்கணும்' என்று சொல்லி அவனைத் தாண்டிப் போவார்கள். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற வெர்ன், ரொட்டிக் கடை வைத்திருக்கும் யெங், இன்னும் ஏழெட்டுப் பேர் அவனுடன் சேர்ந்துகொண்டார்கள். தங்களுக்கு 'சனிக்கிழமை ஆமைகள்' என்று பெயர் வைத்து, பச்சைச் சட்டையும் அச்சடித்துக்கொண்டார்கள். கடைசி ஆள் வருகிறவரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது ஒன்றுதான் அவர்களுடைய சட்டம்.

ஓடி முடித்த கையோடு தோட்டத்தில் இறங்குவான். ஏப்ரலில் மண் இளகியதுமே பட்டாணி போட்டுவிடுவான். புளிப்புத் தண்டுக்காக வளர்க்கும் ரூபார்ப் செடியின் இலைகள் மே மாதத்துக்குள் முறம் அளவுக்கு விரிந்துவிடும். வேர்வை காயாத மஞ்சள் நிக்கரோடு பாத்திகளுக்கு நடுவில் குனிந்து, காலை அகட்டி, பின்புறத்தைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு தசைகளை நீவிவிடுவான். எதிர்வீட்டு ஜன்னலில் யாராவது நிற்கிறார்களா என்று முதலில் பார்த்துவிட்டு, கொரீன் சமையலறைத் திரையை இழுத்து மூடுவாள். தினமும் நடக்கிற வேலை அது.

"ஏன் ஆர்லன், அந்தக் கூத்தை உள்ளே வந்து பண்ணக் கூடாதா?"

"உள்ளே பண்ணா பட்டாணிக்குப் பொழுது போகாதே."

அவள் சிரித்ததில்லை. சிரித்திருக்கலாம்.

மூன்று வாரத்துக்கு முன், ஏப்ரல் கடைசி ஞாயிறு, ஏரிக்கரையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். பேட்ரிஸ் அதில் ஓடினாள். மினியாபொலிஸிலிருந்து குளிர்காலத்தில்தான் அலுவலகத் தலைவியாக வந்து சேர்ந்தவள். ஐம்பது வயதிலும் கம்பி மாதிரி இருப்பாள். அவளுடைய வயதுக்காரர்களில் இரண்டாவதாக வந்து கழுத்தில் பதக்கத்தோடு நின்றவள், கூட்டத்தில் கொரீனைக் கண்டு கட்டிக்கொண்டாள். "நீயும் வந்திருக்கியா! எவ்வளவு நல்ல விஷயம்!" அலுவலகத்தில் நாலு மாதமாக அவளிடமிருந்து ஒரு வார்த்தை வராதா என்று காத்திருந்த கொரீனுக்குத் தலைகால் புரியவில்லை. தனக்காகத்தான் கொரீன் வந்திருக்கிறாள் என்று பேட்ரிஸ் நினைத்துக்கொண்டது தெரிந்தும் அவள் மறுக்கவில்லை.

இருவரும் பேசிக்கொண்டே நின்றார்கள். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். வரவேற்பு வளைவைக் கழற்ற ஆட்கள் ஏணியோடு வந்துவிட்டார்கள். அப்போதுதான் ஆர்லன் வந்தான். அவனுக்குப் பின்னால், சாலைக் கூம்புகளைப் பொறுக்கி ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி ஊர்ந்து வந்தது. மூக்கு ஒழுகியது. மஞ்சள் நிக்கர் ஒரு பக்கம் ஏறியிருந்தது. ஏதோ உலகத்தையே ஜெயித்துவிட்டவன் மாதிரி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, கண்ணை மூடியபடி வாயெல்லாம் பல்லாக முடிவுக் கோட்டைத் தாண்டினான். ஆமைகள் குதித்துக் கூச்சல் போட்டார்கள். வெர்ன் படம் பிடித்தார்.

பேட்ரிஸ் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. "அடடா, யாரு கொரீன் இந்த மனுஷன்? உனக்குத் தெரியுமா?"

"தெரியல. யாரோ" என்றாள் கொரீன்.

ஏழெட்டு அடி தூரம்தான். தண்ணீர்ப் புட்டியை வாங்கிக்கொண்டு ஆர்லன் அவள் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தான். வந்தவன், வழியிலேயே இடது பக்கம் திரும்பி, வாழைப்பழம் கொடுக்கும் மேஜைக்குப் போய்விட்டான். கேட்டிருக்காது என்று அவள் நினைத்துக்கொண்டாள். கூட்டம், பாட்டுச் சத்தம். போய்ப் பழம்தானே எடுக்கிறான்.

காரில் அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாள். வண்டிகள் எல்லாம் போன பிறகு வந்து ஏறினான்.

"எங்கே போய்த் தொலைஞ்சே? எத்தனை நேரம் உக்காந்திருக்கிறது?"

"பழத்துக்கு வரிசை" என்றான். வீடு வரும்வரை பட்டாணிக்குக் கயிறு கட்டுவதைப் பற்றியே பேசினான்.

இந்தப் புதன்கிழமை காலை ஓடிவிட்டு வந்தான். தோட்டத்தில் குனிந்தான். அவள் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தாள், திரையை இழுத்துவிட்டாள். காப்பியைக் குடித்து, கோப்பையைக் கழுவி, பையைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது இருபது நிமிஷம் ஆகியிருந்தது. பட்டாணிக் கொடிகளுக்கு நடுவில் முகம் புதைய மண்டியிட்டிருந்தான். கையில் சணல் உருண்டை. இதயம் ஒரேயடியாக நின்றுவிட்டது, நீங்கள் பக்கத்திலேயே இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அதை ஆனிகா எல்லாருக்கும் சொன்னாள். திரையைப் பற்றிக் கொரீன் யாருக்கும் சொல்லவில்லை.

பத்தரைக்குக் கூடம் நிறைந்துவிட்டது. கீழ்த்தளத்திலிருந்து பன்றித் தொடை வேகும் வாசனையும் காப்பி வாசனையும் ஏறி வந்தன. ஆமைகள் வந்தார்கள், கறுப்பு உடுப்புக்குக் கீழே எல்லாரும் ஓடுகிற காலணி. யெங் பெட்டியருகில் நின்று ஆர்லனின் கோட்டுக் கையை நீவிவிட்டாள்.

"பாவி மனுஷா, போன வாரம்கூட என்னை முந்திட்டுத் திரும்பிப் பார்த்துக் கேலி பண்ணியே" என்றாள். பிறகு கொரீனிடம், "வாயைத் திறந்தா உன் பேச்சுதான். கொரீன் சுட்ட ரூபார்ப் பை, கொரீன் ஆபீசு, கொரீன் திட்டினது. திட்டினதைச் சொல்லும்போது முகத்துல என்ன பெருமைங்கிறே!"

கொரீன் தலையாட்டினாள்.

பேட்ரிஸ் வெள்ளை லில்லிப் பூக்களோடு வந்தாள். கட்டிக்கொண்டாள். "என்ன சொல்றதுன்னே தெரியல. உன் புருஷனை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையேன்னு வழியெல்லாம் நினைச்சுட்டு வந்தேன்." பிறகு பெட்டிப் பக்கம் போனாள். கொரீன் அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முதுகு குனிந்தது, நின்றது, அசையாமல் இருந்தது.

திரும்பி வந்தபோது பேட்ரிஸின் குரல் இறங்கியிருந்தது.

"கொரீன், நான் இவரைப் பார்த்திருக்கேன்னு நினைக்கிறேன். ஏரிக்கரை ஓட்டத்துல. கடைசியா வந்தவரு."

கொரீன் பலகையின் வெற்றிடத்தைப் பார்த்தாள்.

"நீ காருக்குப் போன பிறகு அவர்கிட்ட போய்ப் பேசினேன். பழ மேஜைக்குப் பின்னாடி, ஆளில்லாத பக்கமாத் தனியா உக்காந்திருந்தாரு. உங்களை மாதிரி ஓட எனக்குத் துணிச்சல் இல்லைன்னேன். சிரிச்சாரு. வீட்டுல யாரும் வரலையான்னு கேட்டேன். 'இல்லம்மா, நான் தனியா வந்தேன். பக்கத்துலதான் வீடு' அப்படின்னாரு. கார்ல விடறேன்னேன். 'நீங்க போங்க, நான் கொஞ்சம் மூச்சு வாங்கிட்டுப் போறேன்'னாரு. நான் கிளம்பற வரைக்கும் எழுந்திருக்கவே இல்ல."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். தான் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அந்த இடத்தில்தான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது. கையிலிருந்த பூக்களைப் பார்த்தாள், கூடத்தைப் பார்த்தாள், கொரீனைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தாள்.

"எனக்கு முகமெல்லாம் சரியா ஞாபகம் இருக்காது" என்றாள் மெதுவாக. "வேற யாராவதா இருக்கும். ஒரே ஜாடையில எத்தனை பேர்."

தப்பித்துக்கொள்ளப் பேட்ரிஸ் கதவைத் திறந்து வைத்துவிட்டாள். கொரீன் வெறுமனே வெளியே நடந்தால் போதும். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு. பேட்ரிஸ் இந்தப் பேச்சை இனி ஜென்மத்துக்கும் எடுக்க மாட்டாள்.

"இல்ல. அவன்தான்" என்றாள் கொரீன். "நான் பொய் சொன்னேன். அவன் காதுல விழுந்திருக்கு."

கைப்பையைத் திறந்தாள். சாவி கீழே விழுந்தது. பேட்ரிஸ் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். கொரீன் படத்தைப் பலகையின் வெற்றிடத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். குத்த ஊசி இல்லை. எங்கேயோ விழுந்துவிட்டது. பேட்ரிஸ் தன் கோட்டில் பூ செருகியிருந்த ஊசியைக் கழற்றி நீட்டினாள்.

ஆராதனையில் என்ன பாடினார்கள், போதகர் என்ன சொன்னார் என்று கொரீனுக்குப் பிறகு நினைவில்லை. நான் தனியா வந்தேன். அதைச் சொல்லும்போது அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருக்கிறான். அவள் பொய் அம்பலமாகிவிடாமல் இருக்க, பேட்ரிஸின் கார் போகிறவரை காத்திருந்திருக்கிறான். பிறகு வந்து ஏறித் திட்டு வாங்கிக்கொண்டு கயிற்றைப் பற்றிப் பேசியிருக்கிறான்.

பெட்டியைக் கறுப்பு வண்டியில் ஏற்றிய பிறகு வெர்ன் வந்தார். எழுபத்தொரு வயது, சட்டைக்கு மேல் இப்போது பச்சைச் சட்டையை மாட்டியிருந்தார்.

"கொரீன், ஒண்ணு கேக்கணும். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு. நாங்க வருத்தப்பட மாட்டோம்."

"சொல்லுங்க வெர்ன்."

"கல்லறை ஒரு மைல்தானே. வண்டிக்கு முன்னாடி நாங்க ஓடிப் போறோம். அவன் வேகத்துல. ரோட்டுல பின்னாடி கார் நிக்கும், ஊரே பார்க்கும். அதான் உன்கிட்ட கேக்கறேன்."

கடைசி வார்த்தைகளை அவர் மிகவும் ஜாக்கிரதையாகச் சொன்னார். தான் அவனால் கூசியது இவர்களுக்கெல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது என்று கொரீனுக்குப் பட்டது. ஐந்து வருஷமாக ஒரு சனிக்கிழமைகூட அவள் அவர்களோடு நின்று காப்பி குடித்ததில்லை.

"ஓடுங்க" என்றாள்.

ஒன்பது பச்சைச் சட்டைகள் முன்னால் போயின. பின்னால் கறுப்பு வண்டி. அதற்குப் பின்னால் ஆனிகா ஓட்டிய கார். வேகமுள் பூஜ்யத்தை விட்டு நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. யெங் தும்மினாள், எல்லாரும் நின்று, பிறகு நகர்ந்தார்கள். வெர்னின் வலது முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் வெளிப்பக்கம் போய் வந்தது. ஏரியோரம் ஆப்பிள் மரங்கள் பூத்திருந்தன. புல் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். பின்னால் வளைவுவரைக்கும் கார்கள். விஷயம் தெரியாத யாரோ ஒருவன் ஹார்ன் அடித்தான்.

"கண்ணாடியை ஏத்திடட்டுமாம்மா? எல்லாரும் நம்மளையே பாக்கறாங்க."

"வேண்டாம்."

கொஞ்ச தூரம் போனதும் கொரீன் இருக்கைப் பட்டையைக் கழற்றினாள். கார் நிற்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கதவைத் திறந்தாள், ஒரு காலை ஊன்றினாள், இறங்கிவிட்டாள். குதிகால் உயர்ந்த கறுப்புச் செருப்பு தார்ச்சாலையில் டக்கு டக்கென்று சத்தம் போட்டது. பெட்டி வண்டியின் பக்கவாட்டில், கண்ணாடியை ஒரு கையால் தொட்டபடி, தெருவின் நட்டநடுவில் நடந்தாள். எட்டி நடக்க வரவில்லை, செருப்பு கடித்தது.

முன்னால் போகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சத்தம் அவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும். அதற்குமேல் மெதுவாக ஓட முடியாது என்றிருந்த அவர்களுடைய ஓட்டம் இன்னும் கொஞ்சம் மெதுவானது.