இரண்டு இடது இறக்கைகள்

இரு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு அமர்ந்திருந்தாள் வேஷக்காரம்மா. நாடகக் குழுக்களுக்கு உடை தைத்துக் கொடுப்பவள் என்பதால் தெருவார் அவளுக்கு இட்ட பெயர் அது. வெட்டுமேசையின் எதிர்ப்புறத்தில் அவள் கணவனின் தங்கை, மழுங்கிய கத்தரிக்கோலும் நீல அட்டையுமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மாறுவேட ஊர்வலத்துக்காகப் பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்துகொள்ளவேண்டிய இறக்கையின் மாதிரி அது. எந்த மாதிரியையும் வெளியே அனுப்புமுன் நாத்தனாரிடம் கொடுத்துப் பார்ப்பது வேஷக்காரம்மாவின் வழக்கம். நூல் கோக்கச் சொன்னால் ஊசியையே தொலைத்துவிடும் கை அது. அதற்கு வசப்பட்டது எந்தக் குழந்தைக்கும் வசப்படும். இடையில் தான் உதவிவிடக் கூடாதென்றே வேஷக்காரம்மா கைகளை அடக்கி வைத்திருந்தாள்.

"அண்ணி, கை வெளிய வருது."

"வரலடி. நீ வெட்டு."

"வருது, நான் பாத்துட்டேன். டீச்சர், நீங்களே சொல்லுங்க."

ஜன்னலோரம் தேநீர்க் கோப்பையோடு இருந்த கைவேலை டீச்சர் சிரித்தார். ஆனால் அவர் சிரிக்க வந்தவரல்லர். சென்ற பயிற்சி வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு இறக்கை தோளில் படியவில்லை. சிலர் அழுதேவிட்டனர். பிரித்து ஒட்டிப் பார்ப்பதிலேயே மாலை கழிந்தது. அட்டையின் தடிப்பே குற்றம் என்று எண்ணி வேஷக்காரம்மா மெல்லிய அட்டைக்கு மாறியிருந்தாள். இன்றும் சரிவராவிட்டால் கடையிலிருந்து பிளாஸ்டிக் முகமூடிகளை வரவழைத்துவிடுவது என்று பள்ளியில் முடிவாகியிருந்தது. எவரோ வார்த்த முகத்தை மாட்டிக்கொண்டு நடப்பதும், தன் விரல்கள் செய்த சிறகை விரித்து நடப்பதும் ஒன்றாகிவிடுமா? வேஷக்காரம்மாவுக்கு அதை நினைக்கவே பொறுக்கவில்லை.

"முடிஞ்சுது!" என்று எழுந்த நாத்தனார், இரண்டு இறக்கைகளையும் நாடாவால் கட்டிக்கொண்டு கைகளை விரித்தாள்.

இடப்பக்கத்து இறக்கை தோளைத் தழுவி இறங்கியது. வலப்பக்கத்து இறக்கை தலைகீழாக நின்று அவள் தாடையைக் குத்தியது. திருப்பிக் கட்டினாள், வளைவு பொருந்தியது, ஆனால் நீலம் மறைந்து அட்டையின் பழுப்பு முதுகு வெளியே தெரிந்தது.

"பசங்களுக்கும் இதேதாங்க ஆச்சு," என்றார் டீச்சர்.

வேஷக்காரம்மாவின் கைகள் தாமாகவே வெளியே வந்தன. இரண்டையும் கழற்றி ஒன்றன்மேல் ஒன்று வைத்தாள். அச்சுப் பிசகாமல் பொருந்தின. இரண்டும் இடது இறக்கைகள்.

"ரெண்டாவது தடவை வரையறப்போ மாதிரி அட்டையத் திருப்பி வைக்கலையாடி?"

"திருப்பணும்னு யாரு சொன்னா? நீங்க சொல்லவே இல்லையே அண்ணி."

உண்மைதான். வாழ்நாளெல்லாம் சட்டைக்கு இடக்கையும் வலக்கையும் வெட்டிப் பழகிய கை, அவளைக் கேளாமலே இரண்டாம் முறை அட்டையைத் திருப்பிவிடும். தன் கை அப்படிச் செய்கிறது என்பதையே அவள் அறிந்திருக்கவில்லை. அறியாததை எப்படிச் சொல்லித்தருவாள்?

"ஒரு பக்கம் இடது, மறுபக்கம் வலதுன்னு எழுதிட்டா?" என்றாள் வேஷக்காரம்மா.

"செருப்பையே மாத்திப் போட்டுக்கிட்டு வர்ற பசங்கம்மா," என்றார் டீச்சர். "எல்லாரும் ஒரே நேரத்துல டீச்சர், டீச்சர்னு கத்துவாங்க. நான் ஒருத்தி எத்தனை பேருக்குத் திருப்புவேன்? பேசாம முகமூடியே வாங்கிடலாம். உங்க மேல ஒரு குறையும் இல்ல." அவர் கைப்பையை எடுத்தார்.

"டீச்சர், உக்காருங்க. இன்னொரு டீ போடச் சொல்றேன். குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வழி தெரியலைன்னா நானே முகமூடிக்குச் சொல்லி அனுப்புறேன்."

நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். வேஷக்காரம்மா இறக்கையை மேசைமேல் விரித்தாள். அதன் எழிலெல்லாம் தோள்பக்கத்து வளைவில் இருந்தது. நாணேற்றிய வில்லென எழுந்து கழுத்தருகே குழைந்து இறங்கும் அந்தக் கோட்டை எத்தனையோ தாள்களில் வரைந்து வரைந்து கண்டடைந்திருந்தாள். இடமென்றும் வலமென்றும் பேதம் பிறப்பதும் அதே கோட்டில்தான். வளைவு இருக்கும்வரை பிள்ளைகளுக்கு இறக்கை இல்லை. அதன்மேல் ஒருமுறை விரலோட்டினாள். பிறகு பெரிய கத்தரிக்கோலை எடுத்து அதை வெட்டி எறிந்தாள்.

தேநீரோடு திரும்பிய நாத்தனார் திடுக்கிட்டாள். "ஐயோ அண்ணி! நல்லாத்தானே இருந்துச்சு!"

"நல்லா இருந்து என்ன பண்ண?"

மிஞ்சிய அட்டையிலிருந்து இலை வடிவில் ஒற்றை இறகு ஒன்றை வெட்டினாள். நடுவே மடித்தபோது இரு பாதியும் ஒத்துப்போயின. எப்படித் திருப்பினாலும் அதே வடிவம். நுனியில் துளையிட்டு, நாடாவையும் சேர்த்து நாத்தனாரிடம் நீட்டினாள்.

"இதே மாதிரி நிறைய வெட்டி, நாடாவுல கோத்துக்கிட்டே போ. தோள்லேருந்து மணிக்கட்டு வரைக்கும். அவ்வளவுதான்."

"நல்ல பக்கம் எது?"

"எல்லாம் நல்ல பக்கந்தான்."

கைகள் மீண்டும் தொடைகளுக்கடியில் போயின. நாத்தனார் வெட்டினாள். ஓர் இறகு நீண்டது, ஒன்று குறுகியது, ஒன்று வெண்டைக்காய் போலாயிற்று. சில நீலமும் சில பழுப்புமாகப் பின்முன்னாகக் கோத்தாள். வேஷக்காரம்மாவின் விரல்கள் துடித்தன. அந்தப் பழுப்பை மட்டுமாவது திருப்பிவிடலாமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தாள்.

நாத்தனார் இரண்டு நாடாக்களையும் கட்டிக் கைகளை உயர்த்தினாள். நீலமும் பழுப்புமாக இறகுகள் ஒன்றையொன்று உரசிச் சலசலத்து விரிந்தன. எங்கும் குத்தவில்லை. எந்தத் தோளுக்கு எது என்று கேட்க அவற்றில் ஒன்றுமில்லை.

டீச்சர் எழுந்து வந்தார். "கழட்டுங்க, நான் போட்டுப் பாக்கணும்." கட்டிக்கொண்டு அறைக்குள் இங்குமங்கும் நடந்தார், நிலைக்கண்ணாடி முன் ஒருமுறை சுழன்றார்.

"முகமூடி வேண்டாம்னு நான் சொல்லிடுறேன். வகுப்புல காட்டுறதுக்கு ஒண்ணு கொண்டு வந்துடுங்க."

"நாளைக்கே புதுசா ஒண்ணு சுத்தமா செஞ்சு..."

"ஐயய்யோ, நீங்க செஞ்சது வேண்டாம்மா. அதப் பாத்தா நம்மால முடியாதுன்னு பசங்க பயந்துடுவாங்க. இதையே கொண்டு வாங்க."

"கேட்டீங்களா அண்ணி?" என்றாள் நாத்தனார். "இது யாரு வேலைன்னு வகுப்புல என் பேரச் சொல்லித்தான் காட்டணும்."

"சொல்றேன், சொல்றேன். முதல்ல அந்த வெண்டைக்காய இறுக்கிக் கட்டுடி. விழப் போகுது," என்றாள் வேஷக்காரம்மா, கைகளை வெளியே எடுக்காமலே.