லான் எடுக்கவில்லை

ஜெர்மேன் எழுதிய நாடகத்தில் மர்மத்துக்குப் பஞ்சமே இல்லை. பூட்டிய அறை, காணாமல் போன சங்கிலி, கிழிந்த கையுறை, சுவரேறிக் குதிக்கும் முகமூடி மனிதன் என்று எல்லாவற்றையும் அள்ளிப் போட்டிருந்தாள். சைகோனில் இருந்த புதுச்சேரிக்காரர்களின் சங்கம் மாதா திருநாளுக்கு ஒரு நாடகம் கேட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கும் அவள், கதை எழுதத் தெரியும் என்று தானே முன்வந்து ஒப்புக்கொண்டிருந்தாள்.

நடிக்க வந்தவர்களுக்குப் படித்துக் காட்டியபோது, கதாநாயகனாக நடிக்கவிருந்த லெயோன் பாதியிலேயே கொட்டாவி விட்டான். தபால் ஆபீஸ் குமாஸ்தாவின் மகள் அந்துவானேத் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்:

"திடுக்குனு இருக்கு, அக்கா. ஆனா அந்தச் சங்கிலி போனா எனக்கென்ன, கிடைச்சா எனக்கென்னன்னு இருக்கே."

ஜெர்மேனுக்கு முகம் சுண்டிப்போனது. வீட்டுக்குப் போய்க் காகிதங்களை அடுப்பில் போட்டாள். மறுபடி முதலிலிருந்து எழுத உட்கார்ந்தாள்.

இந்தத் தடவை முகமூடி இல்லை. சைகோனில் ஒரு காரைக்கால் குடும்பம். கடைசிப் பெண்ணுக்கு மறுநாள் நிச்சயதார்த்தம்; மாப்பிள்ளைக்கு ஆப்பிரிக்காவில் உத்தியோகம். அந்த நேரம் பார்த்துச் சீர்ச் சங்கிலி காணாமல் போகிறது. எல்லோரும் வியட்நாமியச் சமையல்காரி லானைச் சந்தேகப்படுகிறார்கள். எடுத்ததோ அண்ணன். தாயில்லாத தங்கையைத் தூக்கி வளர்த்தவன், கல்யாணம் நின்றால் அவள் தன்னோடு இருப்பாள் என்று ஒளித்துவைத்தான். அவள் போகத் துடிக்கிறாள். இவன் விடாமல் இருக்கத் துடிக்கிறான். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருக்கிறார்கள். லெயோன் இப்போது கொட்டாவி விடவில்லை.

ஒத்திகை பார்க்கச் சங்கத் தலைவர் அகுஸ்தேன் வந்தார். கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிவரை பார்த்துவிட்டுக் கைத்தடியைத் தரையில் ஊன்றினார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஜெர்மேன். முடிவை மட்டும் மாத்திடு. அந்த அன்னாமியப் பொண்ணு லானே எடுத்ததா வச்சிடு."

"அவ எதுக்கு எடுக்கணும், முசே?"

"வேலைக்காரி. இதுக்கு மேல என்ன காரணம் வேணும்?"

"கல்யாணம் நடந்தாலும் நின்னாலும் அவளுக்கு ஒண்ணுமில்லை. அவதான்னு முடிச்சா, அதுவரைக்கும் அண்ணனும் தங்கச்சியும் மல்லுக்கட்டுனதுக்கு அர்த்தமே இல்லை. அதோட, எல்லாரும் முதல்லயே சந்தேகப்பட்ட ஆள்தான் திருடின்னா, அப்புறம் எதுக்குக் கடைசிவரைக்கும் உக்காந்து பார்க்கணும்?"

"முன்வரிசையில பிரெஞ்சுத் துரைங்க உக்காருவாங்கம்மா. நம்ம வீட்டுப் பிள்ளை திருடன்னு அவங்க கண்ணுல காட்டணுமா?"

அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அது அவளுக்கும் புரிந்தது. பேரை மாற்றி, உடுப்பை மாற்றி, அந்த முன்வரிசையின் தயவிலேயே வாழ்ந்து பழகிய கூட்டம் இது. ஆனாலும் லானின் தலையில் பழியைக் கட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

"மாத்த முடியாது, முசே."

"அப்ப சங்கத்து மண்டபமும் கிடையாது."

மறுநாள் லெயோன் வந்து, தன்னால் நடிக்க முடியாது என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவனுடைய வேலைக்குச் சிபாரிசு செய்தவர் அகுஸ்தேன். வேறு இரண்டு பேரைக் கேட்டுப் பார்த்தாள், அவர்களும் நழுவினார்கள்.

ஜெர்மேன் விடவில்லை. கான் ஹொய் துறைமுகத்தருகே துணிக்கிடங்கு வைத்திருந்த ஜலீல் மரைக்காயரைப் போய்ப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை கிடங்கு சும்மாத்தானே கெடக்கு? மூட்டையெல்லாம் ஓரமா அடுக்கித் தரச் சொல்றேன்," என்றார் அவர். "ஆனா எங்க வூட்டுப் பொம்புளைங்களுக்கு முன்னால இடம் போடணும்."

முன்வரிசைப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

அண்ணன் வேடத்துக்குத்தான் ஆள் இல்லை. அண்ணனை அக்காவாக மாற்றித் தானே நடிப்பதென்று முடிவு செய்தாள். 'அவன்' என்பதையெல்லாம் 'அவள்' என்று திருத்தினால் போதும் என்று நினைத்து ஆரம்பித்தவள், இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். அண்ணன் என்றால், போகக்கூடாது என்று ஒரு வார்த்தை அதட்டினாலே போதும். அக்காவுக்கு அந்த அதிகாரம் இல்லை, அதனால்தான் ஒளிக்கிறாள். இத்தனை நாள் கதையில் எங்கோ இடித்துக்கொண்டிருந்தது இதுதான் என்று அவளுக்கு விளங்கியது. முழுவதையும் மறுபடி எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கிடங்கு நிறைந்துவிட்டது. மரைக்காயர் வீட்டுப் பெண்கள் முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சற்றுத் தாமதமாக வந்த அகுஸ்தேன், முடிவு தெரிந்தவரின் தோரணையில் கைகளைக் கட்டிக்கொண்டு வாசலோடு நின்றார். மேடையில் அண்ணனையே காணாததும் அவருடைய புருவம் சுருங்கியது.

லானாக நடித்த அந்துவானேத்தின் மூட்டையைப் பிரித்து உதறினார்கள். ஒரு சீப்பும் குழந்தைச் சட்டையும் விழுந்தன.

"அரிசிப் பானையில தேடுங்கடா!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

தங்கை மெல்லத் திரும்பினாள். "அக்கா, உனக்குத் தெரியும்தானே?"

ஜெர்மேன் வாயைத் திறந்தாள். அந்த நொடியில் தகரக் கூரைமேல் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை.

இடுப்பில் செருகியிருந்த சங்கிலியை எடுத்துக் காட்டிவிடலாம், காட்சி முடிந்துவிடும். கைகூட அங்கே போனது. ஆனால் இது கண்ணால் பார்க்க வேண்டிய விஷயம் இல்லை, அவள் வாயால் சொல்லித் தங்கை கேட்க வேண்டியது. கையை விலக்கிக்கொண்டாள். தங்கையின் முகத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். மழை விடுகிறவரைக்கும் நிற்பது என்று தீர்மானித்துவிட்டாள்.

ஒருவரும் எழுந்து போகவில்லை. பாயில் இருந்த பெண்கள் இன்னும் முன்னால் நகர்ந்தார்கள். வாசலில் நின்ற அகுஸ்தேன் மூட்டைகளுக்கு இடையே புகுந்து மேடைக்கு அருகிலேயே வந்துவிட்டார். மழை கொஞ்சம் தணிந்ததும் முதலில் கேட்டது அவர் குரல்தான்.

"சொல்லித் தொலையேன், யாருதான் எடுத்தது?"

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதே கேள்விதான்.

"நான்தான்," என்றாள் ஜெர்மேன், தங்கையிடம். "நீ போயிடுவியேன்னு எடுத்தேன்."

பாயில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அகுஸ்தேன் ஒரு மூட்டையின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார். நாடகம் முடிந்ததும் எழுந்து வெளியே போனார். மண்டபத்தைத் தருவதாக அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மற்றவர்கள் பாலம் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள், அக்கா செய்தது நியாயமா இல்லையா என்று.

மரைக்காயர் மட்டும் நின்றார். "அடுத்த ஞாயித்துக்கிழமையும் போடுவீங்களா?"

"போடுவேன், பாய். ஆனா முதல் காட்சி இழுக்குது," என்றாள் ஜெர்மேன், கூரை ஒழுகி நனைந்த பாய்களைச் சுருட்டியபடி. "அதை வெட்டணும்."