மூச்சு நிற்க வேண்டும்

அரியலூர் அருள்முருகனுக்கு இருசம்மாள் தர வேண்டியிருந்தது இருபத்தேழாயிரத்து அறுநூறு ரூபாய். அவள் கை நீட்டி வாங்கிய பணமில்லை. பெரம்பலூரில் அரியலூர் சாலையோரம் கார் ஏசி கடை வைத்திருந்த அவள் புருஷன் பூமாலை ஒரு வண்டி வேலைக்கு மொத்தமாக வாங்கிய முன்பணம். வாங்கிய கையோடு கடை ஷட்டரின் உள்பக்கத்தில் ‘அரியலூர் செவப்பு வண்டி 27,600’ என்று சாக்பீஸால் எழுதினான். பங்குனி கடைசியில் கண்ணை மூடிவிட்டான்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எழுதுவது பூமாலை, அழிப்பது வண்டிக்காரர். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது அவரே தன் கையால் அழித்துவிட்டுப் போக வேண்டும். “நான் எழுதி நானே அழிச்சா அது கணக்கா? களவாணித்தனம்” என்பான்.

பணத்தில் பாதி கம்ப்ரசருக்கும் கண்டென்சருக்கும் போயிருந்தது. மீதி ஆஸ்பத்திரிக்கும் பாடைக்கும் போயிற்று. வண்டி மட்டும் குடலைப் பிடுங்கிப் போட்ட மாதிரி கடைக்குள் நின்றது. சிவப்பு நிறம், ரெண்டே சீட்டு. உட்கார்ந்தால் ரோடு இடுப்பில் உரசும் போலிருக்கும். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிப் பணம் பார்த்த அருள்முருகன், கோயம்புத்தூரில் யாரோ ஆசையாய் வைத்திருந்த அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை விலைக்கு வாங்கி வந்திருந்தார். நன்றாக ஓடியது. ஏசி மட்டும் செத்துப்போயிருந்தது. கண்ணாடியை இறக்கினால் கல் லாரித் தூசி, ஏற்றினால் இட்லிப் பானை. திருச்சியில் இருந்த கடைக்காரர்களெல்லாம் சாமான் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார்கள். பூமாலைதான் பார்க்கிறேன் என்றான்.

பக்கத்து டீக்கடை செல்வம்மாளுக்கு அந்த வண்டியைக் கண்டாலே வாய் சும்மா இருக்காது. “ஏண்ணே, ஒங்க லாரித் தூசிக்கு நீங்களே பயந்து ஏசி கேக்குறீங்க. நாங்கல்லாம் எங்கண்ணே போறது?” என்று அருள்முருகனிடமே ஒருநாள் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

கருமாதி முடிந்த பிறகு அவர் வந்தபோது சிரிப்பில்லை.

“இருசம்மா, நான் கல்லு ஓட்டிப் பொழைக்கிறவன். நெஞ்சு கல்லு இல்ல. ஆனா நானும் எத்தன நாளும்மா பொறுக்குறது? வெள்ளிக்கிழம செந்துறையில என் தங்கச்சி மவன் கல்யாணம். இந்த வண்டியிலதான் மாப்பிள்ளைய அழைச்சிட்டுப் போறதா வாக்குக் குடுத்துட்டேன். வேலைய முடிச்சுக் குடு. இல்லன்னா பணத்தக் குடு.”

“பணத்துக்கு எங்கண்ணே போவேன்?”

அவர் சுவரோரம் இருந்த காற்று உறிஞ்சும் மிஷினையும் அதன்மேல் தொங்கிய, காற்றழுத்தம் காட்டும் கேஜையும் பார்த்தார். “அப்ப அத எடுத்துக்குறேன்.”

அது போனால் கடை போனது. ஷட்டரை இறக்கிவிட்டு மறுபடி சின்ன வெங்காயம் ஆயப் போக வேண்டியதுதான். கடை போட்ட நாளிலிருந்து பூமாலைக்கு டார்ச் பிடித்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, கழற்றியதைக் கழுவி மாட்டியவள் அவள். “முடிச்சுத் தரேண்ணே” என்றாள்.

குழாய்களைக் கழற்றி, பழைய எண்ணெய் போகக் கழுவினாள். மூட்டுகளுக்கெல்லாம் புது வளையம் போட்டாள். ஈரம் உறிஞ்சும் டிரையரை மாற்றினாள். டேஷ்போர்டுக்கு அடியில் போகும் அலுமினியக் குழாயில் ஒரு வெல்டிங் ஒட்டு இருந்தது. பூமாலை கடைசியாகப் போட்ட ஒட்டு. அதைத் துணியால் துடைத்து அப்படியே மாட்டினாள்.

இனி மூச்சு பார்க்க வேண்டும். அது பூமாலையின் பேச்சு. மிஷினைப் போட்டுக் குழாய்க்குள் இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, வால்வுத் திருகை மூடிவிட வேண்டும். கேஜில் ஊசி இறங்கிய இடத்திலேயே நின்றால் ஓட்டை இல்லை. “மூச்சு நின்னுடுச்சு, கேஸ் போடு” என்பான். ஊசி மெல்ல ஏறினால் எங்கிருந்தோ காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். “இன்னும் மூச்சு வுடுது புள்ள” என்று சலித்துக்கொள்வான்.

புதன்கிழமை காலையில் திருகை மூடிவிட்டு, செல்வம்மாள் கடையில் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாள். ஊசி ஏறியிருந்தது.

நைட்ரஜனை உள்ளே ஏற்றி, ஷாம்பு பாக்கெட்டைத் தண்ணீரில் கலக்கி, மூட்டு மூட்டாக நுரையைத் தடவினாள். எங்கும் அசையவில்லை. கடைசியில் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவி, டார்ச் அடித்துப் பார்த்தாள். பூமாலையின் ஒட்டில் கடுகு கடுகாய் நுரை முட்டை விட்டது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அருள்முருகன் வந்தார். “என்னம்மா ஆச்சு?”

“மூச்சு நிக்கலண்ணே.”

அவர் சட்டென்று தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார். “யாருக்கும்மா? ஆஸ்பத்திரியில யாரு இருக்கா?”

“வண்டிக்குண்ணே. ஓட்டை இருக்கு. ஒட்டைப் பிரிச்சுத் திரும்பப் போடணும்.”

“அடப் போம்மா, உசுரே போயிடுச்சு எனக்கு.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “பெரிய ஓட்டையா?”

“பொடிசுதான்.”

“அப்ப கேஸ அடிச்சு வுடு. கல்யாணம் வரைக்கும் குளுந்தாப் போதும்.”

“கேஸ் இறங்கிடும்ணே. அதுகூட எண்ணெயும் போயிடும். கம்ப்ரசர் சிக்கிக்கும்.”

“அத அப்பப் பாத்துக்கலாம். வெள்ளிக்கிழம காலையில எனக்கு வண்டி வேணும். இல்ல, மிஷினு வேணும். சொல்லிட்டேன்.”

அவர் போனதும் செல்வம்மாள் உள்ளே வந்தாள். “ஏண்டி, அவரே அடிச்சு வுடுங்குறாரு, ஒனக்கென்ன? ஆடி வரைக்கும் குளுரும். அப்பறம் வந்தா அப்பப் பேசிக்க.”

“அப்ப அழிச்சதெல்லாம் பொய்யாயிடும்க்கா.”

“எத?”

இருசம்மாள் ஷட்டரைக் காட்டினாள். செல்வம்மாள் அதைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். டீ ஆற்றப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் குழாயைக் கழற்றி மஞ்சப்பையில் சுற்றிக்கொண்டு துறையூர் சாலையில் வெல்டிங் பட்டறைக்குப் போனாள். பட்டறைக்காரர் ஒட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“யாரு போட்டது? கை நடுங்கியிருக்கே.”

“நடுங்குன கைதாங்க.”

பூமாலை அந்த ஒட்டைப் போட்ட அன்றைக்கு டார்ச் பிடித்தது அவள்தான். வெளிச்சம் ஆடாமல் பிடித்திருந்தாள். அவன் கைதான் ஆடியது. பாதியில் நிறுத்தி, “நீ ஏன் புள்ள ஆட்டுற?” என்று அவளை ஏசினான். அவளும் “சரி, ஆட்டல” என்றாள்.

“இதச் சுத்தமா அரைச்சு எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்மா.”

“எடுங்க.”

அரைவைக் கல் பட்டதும் ஒட்டு பொடியாய்ப் பறந்தது. தூள் விழாமல் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார் பட்டறைக்காரர். அவள் மூடவில்லை. ஒட்டுக்கூலி எண்ணூறு. காதில் கிடந்ததை அடகு வைத்துக் கொடுத்தாள்.

மத்தியானம் குழாயை மாட்டி, மிஷினை ஓட்டி, திருகை மூடினாள். இந்த முறை டீக்குப் போகவில்லை. முக்காலியைப் போட்டுக் கேஜுக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள். வெளியே கல் லாரிகள் போகும்போதெல்லாம் ஷட்டர் அதிர்ந்தது. ஊசி அசையவில்லை. வெயில் வாசலை விட்டு இறங்கிப் போனது. ஊசி அசையவில்லை.

“மூச்சு நின்னுடுச்சு” என்று வாய்விட்டுச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் பூமாலையைப் பார்த்துவிட்டு நர்ஸ் பெண்ணும் இதே வார்த்தையைத்தான் சொன்னாள். கேட்டதும் இருசம்மாள் வாயில் பழக்கதோஷத்தில் “அப்பாடா” என்று வந்துவிட்டது. நர்ஸ் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அதை இருசம்மாள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, கேஸ் உருளையைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அருள்முருகன் வெள்ளை வேட்டியில் வந்தார். வண்டிக்குள் உடம்பை மடக்கி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஏசியைப் போட்டார். கண்ணாடியில் மெல்லப் பனி படர்ந்தது. இறங்கி வந்தபோது கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

“பல்லு கிட்டிப் போச்சும்மா.”

செல்வம்மாள் டீக்கடையிலிருந்து கத்தினாள். “அண்ணே, மாப்பிள்ளை ஒரு சீட்டு, நீங்க ஒரு சீட்டு. பொண்ண எங்க வெப்பீங்க?”

“பொண்ணு பஸ்ஸுல வரட்டும் போ.” சிரித்துவிட்டு இருசம்மாள் பக்கம் திரும்பினார். “புதுசா ஒட்டு போட்டியாமே. அதுக்கு எவ்வளவு?”

“அது ஒங்க கணக்குல வராதுண்ணே. ஓட்டை எங்களுது.”

அவர் பணம் எடுக்கப் பைக்குள் விட்ட கையை அப்படியே வைத்திருந்தார். பிறகு வெறுங்கையாக எடுத்தார். அவள் ஷட்டரைப் பாதி இறக்கி, உள்பக்கத்தைக் காட்டினாள்.

அருள்முருகன் குனிந்து உள்ளே வந்தார். பூமாலையின் எழுத்து, ‘வ’ கொஞ்சம் சாய்ந்து. அவளைப் பார்த்தார். “அழிக்கட்டுமாம்மா?”

“அழிங்க.”

துண்டை எடுத்து ஒரே இழுப்பில் துடைத்தார். அவர் துண்டில் ஏற்கெனவே கல் தூசி வெள்ளையாய் அப்பியிருந்தது. சாக்பீஸ் எது, சுண்ணாம்பு எது என்று தெரியவில்லை. உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு செந்துறைக்குப் போனார்.