கை நிற்கும் இடம்

வயர்களைக் கோத்து இணைக்கும் வீடியோவை ஹரிதா எத்தனையோ முறை பார்த்துவிட்டாள். பார்க்கும்போது எல்லாம் புரிந்தது; சத்தியவேட்டுத் தொழிற்சாலையில் வயர் மாட்டும் பலகைமுன் நின்றதும் கை நின்றுவிடும். ஏனென்று தெரியவில்லை. சனிக்கிழமைத் தேர்வில் தவறினால் வேலை போய்விடும். கேட்கலாமென்றால் அறைத்தோழியும் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

மாலையில் நகரியிலிருந்து அம்மா அழைத்தாள்.

"துன்னியாடி?"

"துன்னேம்மா." சாப்பிடவில்லை.

"அங்க இன்னாதான் பண்ணிக்கினு கீற? எனக்கும் சொல்லேன்."

"முதல்ல சிவப்பு வயர கிளிப்புல மாட்டணும். அப்புறம் நீலத்த கீழால வளைச்சு..." அதோடு பேச்சு நின்றது.

"வளைச்சு? கரண்டு போன தறியாட்டம் நின்னுட்டியே!" அம்மா சிரித்தாள். அதற்குள் குக்கர் கூவியது, போனை வைத்துவிட்டாள்.

அறை மறுபடி வெறிச்சோடியது. தொழிற்சாலையிலும் கை நிற்பது அதே இடத்தில்தான். வீடியோவில் அடுத்த படி தானாக வந்துவிடுவதால், தனக்கு எது தெரியாது என்பதே அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது. வீடியோவில் அந்த இடத்தை மட்டும் மறுபடி பார்த்தாள். போனைக் கவிழ்த்துவைத்து, விரல்களைக் காற்றில் அசைத்தபடி, யாருமில்லாத அறைக்கு முதலிலிருந்து சொன்னாள். கை நிற்கவில்லை.

வழி இதுதான்: பார்க்காமல் சொல்லிப் பார்க்க வேண்டும், நிற்கும் இடத்தை மட்டும் திரும்பப் பார்க்க வேண்டும், மறுநாளும் அப்படியே சொல்ல வேண்டும்.